ஸ்டார்செக்டர் மாட் கப்பல்கள்: எது ஓவர், எது நியாயம்?

கேள்வி: அண்ணா, ஸ்டார்செக்டர் விண்வெளிப் போர் கேமுக்கு ரசிகர்கள் செஞ்ச ஒரு மாடில் (கூடுதல் தொகுப்பு) வந்த 40 டிபி (டிப்ளாய்மென்ட் பாயின்ட், சண்டையில் இறக்க ஆகும் விலை) கேப்பிட்டல், அதாவது மிகப் பெரிய ரகக் கப்பல், விலைக்கு மீறின பலம், ஓவர்னு நண்பன் சண்டை போடுறான். ஹல் (கப்பல் உடலின் வலிமை) 11,000தான். கேமிலேயே வர்ற ஆன்ஸ்லாட் கப்பலுக்கு 20,000 இருக்கே! ஃப்ளக்ஸ் (சுட்டாலும் ஷீல்டில் அடி வாங்கினாலும் ஏறும் சுமை) கொள்ளளவு 22,000, ஷீல்டு எஃபிஷியன்சி (ஷீல்டில் விழும் ஒரு புள்ளி அடிக்கு ஏறும் ஃப்ளக்ஸ்) 0.6, வேகம் 60.

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. ஹல் அடிவாங்கும் நேரத்தில் சண்டை பாதி முடிந்திருக்கும். ஃப்ளக்ஸ் கொள்ளளவை ஷீல்டு எஃபிஷியன்சியால் வகுத்துப் பாருங்கள், ஷீல்டு எவ்வளவு அடி தாங்கும் என்று தெரியும். ஆன்ஸ்லாட்: 17,000 ÷ 1.0 = 17,000. கான்குவெஸ்ட்: 20,000 ÷ 1.4, சுமார் 14,300. இரண்டும் 40 டிபி. 60 டிபி பாரகான்: 25,000 ÷ 0.6, சுமார் 41,700. ஆனால் வேகம் வெறும் 30. உங்களுடையது சுமார் 36,700, அதுவும் பாரகானைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். 55 டிபிக்குக் குறைத்து விலை வைக்க எனக்கு மனசு வராது.

டிஸ்ஸிபேஷனையும் (நொடிக்கு எவ்வளவு ஃப்ளக்ஸ் இறங்கும் என்பது) பாருங்கள். ஆன்ஸ்லாட் 600, கான்குவெஸ்ட் 1,200. அதைக் கூட்டும் வென்ட்களைக் கேப்பிட்டலில் 50தான் போடலாம், ஒன்றுக்கு 10. அடிப்படையில் இருக்கும் 600 வித்தியாசத்தை வென்ட் போட்டு ஈடுகட்ட முடியாது.

கேள்வி: டிபியை எங்கே மாத்துறது?

பதில்: மாட் ஃபோல்டரில் டேட்டா, அதற்குள் ஹல்ஸ், அங்கே ஷிப் டேட்டா சிஎஸ்வி என்ற அட்டவணை ஃபைல். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ‘சப்ளைஸ்/ரெக்’ பத்திதான் டிபி. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எதிரிப் படையில் எத்தனை கப்பல் வரும் என்பதை ‘ஃப்ளீட் பாயின்ட்ஸ்’ பத்தி தீர்மானிக்கிறது. அதையும் ஏற்றாவிட்டால் அதே கப்பல் கூட்டமாக வந்து நிற்கும். ஐடி பத்தியில் கை வைக்காதீர்கள், பழைய சேவ் திறக்காது. மாடை அப்டேட் செய்தால் உங்கள் திருத்தம் போய்விடும்.

கேள்வி: ஒரு பீரங்கி ஷாட்டுக்கு 1,000 எனர்ஜி வகை அடி, இன்னொன்று 100 வீதம் பத்து ஷாட். மொத்தம் ஒண்ணுதானே?

பதில்: ஷீல்டில் ஒன்றுதான். ஆர்மரில் (ஹல்லுக்கு மேலே இருக்கும் கவசம்) இல்லவே இல்லை. அடி ÷ (அடி + ஆர்மர்) என்ற விகிதம்தான் உள்ளே போகும், குறைந்தது 15%. பாரகானின் அடிபடாத 1,500 ஆர்மரில் முதல் அடியைக் கணக்கிட்டால்: 1,000 ÷ 2,500 = 40%, அதாவது 400. மற்றதற்கு விகிதம் 6%தான், குறைந்தபட்சமான 15% இருப்பதால் ஷாட்டுக்கு 15. பத்தும் சேர்ந்தால் சுமார் 150. மாட் ஆயுதங்களில் டிபிஎஸ் (நொடிக்கு எவ்வளவு அடி) எண்ணை மட்டும் ஒப்பிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: சார், சிமுலேட்டரில் நானே ஓட்டி மூணு ஆன்ஸ்லாட்டை அடிச்சேன். ஓவர்தானே?

பதில்: அது உங்கள் கைவண்ணம். சரிசமமாகப் பார்க்க வேண்டுமென்றால் 120 டிபிக்கு 120 டிபி, இரண்டு பக்கமும் ஆட்டோபைலட், ஆபீசர் இல்லை, எஸ்-மாட் (கப்பலில் நிரந்தரமாகப் பதித்த மேம்பாடு) இல்லை. வேகமும் ரேஞ்சும் சேர்ந்த கப்பலைத் தனியாகக் கவனியுங்கள்: எட்ட நின்று சுட்டு, ஃப்ளக்ஸ் ஏறினால் விலகி, ஃப்ளக்ஸை வெளியேற்றிவிட்டுத் திரும்பும். அதற்கு பீக் பெர்ஃபார்மன்ஸ் நேரத்தை (சண்டையில் கப்பல் தளராமல் நிற்கும் நேரம்) குறைப்பதுதான் சரியான கடிவாளம். ஹல்லைக் குறைத்துப் பயனில்லை.

கேள்வி: தனியா ஆடுற கேமுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு?

பதில்: அதே கப்பல் எதிரி கையிலும் வருமே!