பட்டில் பின்னிய 'இரவுச் சட்டை': கேட்டதும் சொன்னதும்

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பட்டு நூலைக் கையால் பின்னிச் செய்த மேற்சட்டைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பட்டு என்றால் தறியில் நெய்வதுதானே, பின்னுவது எப்படி?

நீங்கள் போட்டிருக்கும் பனியனைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'V' வரிசைகள், உள்பக்கம் மேடுமேடான பிறை வரிசைகள். பாவு, ஊடு எதுவும் கிடையாது. ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக ஓடுகிறது, அதனால்தான் இழுத்தால் கொடுக்கிறது. பட்டு நூலுக்குத் தானாக அந்தக் குணம் குறைவு, கண்ணிதான் அதைத் தருகிறது. அவர்கள் செய்ததும் இதே துணிதான், ஆனால் கம்பி போன்ற மெல்லிய ஊசிகளில், கையால்.

டென்மார்க்கில் இதற்குப் பெயரே 'இரவுச் சட்டை' என்று படித்தேன். தூங்கும்போது போட்டார்களா?

பெயர் அப்படித்தான், 'நட்ரொயே'. ஆனால் படுக்கைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அன்றைய வசதியானவர்களின் வெளி உடுப்பு உள்ளே கஞ்சித்துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த விறைப்பான சமாச்சாரம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, சட்டைக்கு மேல் உடம்போடு ஒட்டி, கதகதப்பாக, கையைத் தூக்கினால் கூடவே வருகிற ஒன்று வேண்டும். அதுதான் இது. ஆணும் போட்டார்கள், பெண்ணும் போட்டார்கள். இங்கிலாந்தில் வெயிஸ்ட்கோட் என்றார்கள், அந்தக் காலத்தில் அதற்குக் கையும் உண்டு. 'வீட்டு உடுப்பு' என்றதும் பழைய நைட்டி மாதிரி ஏதோ என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டுக்கு வரும் நண்பர்களை அதோடேயே வரவேற்கலாம், விலையும் சாதாரண ஆட்களுக்கு எட்டாது.

இடையில் ஒன்று: அதே காலத்து ஆங்கிலேய ஆண்கள் வீட்டில் போட்டுக்கொண்ட தொளதொள அங்கிக்குப் பெயர் 'பனியன்'! நம் நாட்டு வணிகர்களைக் குறித்த குஜராத்திச் சொல் போர்த்துகீசியர் வாய் வழியாக அங்கே போனது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1666இல் தன் படத்தை வரைவதற்கு இப்படி ஒரு 'இந்திய அங்கியை' வாடகைக்கு எடுத்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது பின்னல் இல்லை, வேறு உடுப்பு.

சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்டபோது போட்டிருந்தது இதுதானா?

அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1649 ஜனவரி 30, கடுங்குளிர். நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறான் என்று நினைப்பார்களே என்று கூடுதலாக ஒரு சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ். லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெளிர் நீலப் பட்டுப் பின்னல் வெயிஸ்ட்கோட்டை அன்று அவர் அணிந்திருந்ததாகக் கூடவே வந்த குறிப்பு சொல்கிறது. முன்பக்கத்தில் கறைகள் உண்டு, ஆனால் சோதனைகளில் ரத்தம் என்று நிரூபணமாகவில்லை. என் கருத்து கேட்டால், கறையை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பாருங்கள்: ஒரே நிறத்தில், மேடும் பள்ளமும் மட்டுமே வைத்துச் செய்த பூவேலை. பனியனின் உள்பக்கப் பிறைகளைத் தேவையான இடத்தில் வெளிப்பக்கம் கொண்டுவந்தால் (பர்ல் என்கிறோமே, அது) வெளிச்சம் அங்கே மாறி விழும், கோலம் தெரியும்.

வில்லியம் லீ 1589இலேயே பின்னல் இயந்திரம் செய்துவிட்டாரே. இவை இயந்திர வேலையாக ஏன் இருக்கக் கூடாது?

நல்ல கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் சண்டை போடும் இடம். லீயின் பின்னல் சட்டம் (அந்த இயந்திரத்தைத்தான் சொல்கிறேன்) ஒரே முகத்தைத்தான் தரும், 'V' ஒரு பக்கம், பிறை மறுபக்கம். வரிசையின் நடுவில் ஒரு கண்ணியை மட்டும் திருப்பிப் போட அதற்குத் தெரியாது. கண்ணியைக் கழற்றிக் கையால் கொக்கி போட்டுத்தான் திருப்ப வேண்டும். கண்ணிகளைத் திருப்பிப் போடும் பொறியை ஜெடிடயா ஸ்ட்ரட் 1750களின் இறுதியில்தான் லீயின் சட்டத்தோடு சேர்த்தார். ஆகவே உடம்பு முழுக்கப் பர்ல் கோலம் ஓடும் 17ஆம் நூற்றாண்டுச் சட்டை என்றால் நான் கையைத்தான் நம்புவேன்.

சரிகை வைத்தவையும் உண்டாமே?

உண்டு, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பட்டிழை மேல் முலாம் பூசிய வெள்ளித் தகடு சுற்றிய சரிகை, நம் பட்டுப்புடவைச் சரிகையின் அதே சூத்திரம். இவை வேறு வகை: முன், பின், கை என்று தனித்தனித் துண்டுகளாகப் பின்னிப் பிறகு தைத்தவை. கொடியும் பூவும் பெரிதாக இருக்கும். உள்ளே திருப்பினால், அந்தந்த இடத்தில் பயன்படாத இழைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

சாதாரண ஜனங்கள்?

கம்பளியில் காப்பி அடித்தார்கள், வேறென்ன! டென்மார்க்கின் கிராமப் பெண்கள் பட்டுச் சட்டைகளில் இருந்த எட்டிதழ் நட்சத்திரக் கோலத்தையே சிவப்பு, பச்சைக் கம்பளியில் பின்னி, ரவிக்கை போன்ற மேலுடுப்புக்கு அடியில் போட்டுக் கை மட்டும் வெளியே தெரியவிட்டார்கள். பட்டுச் சட்டைகள் வழக்கொழிந்து வெகுகாலம் கழித்தும் அது தொடர்ந்தது.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

நான் ஒரு நட்சத்திரம் மட்டும் முயன்றேன். ஒரு மில்லிமீட்டர் ஊசி, முறுக்குக் குறைந்த பட்டு. முதல் நாள் ஊசியைவிட என் விரல்தான் தொல்லை: பாத்திரம் கழுவிச் சொரசொரத்த தோலில் இழை மாட்டி மாட்டிப் பிரிந்தது. சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்துக் கையை வழவழப்பாக்கிய பிறகுதான் நூல் ஓடியது. அப்புறம் பட்டு வழுக்கும், ஒரு கண்ணி ஊசியை விட்டு நழுவினால் நாலு வரிசை கீழே போய்த்தான் நிற்கும். தீப்பெட்டி அளவு துண்டு முடிய மூன்று மாலைகள் ஆயின. முதலில் பருத்தி நூலில் பழகுங்கள், ஊசியைக் கொஞ்சம் தடிமனாக எடுங்கள், எண்ணிக்கையைத் தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.