ஓட்டானியின் 70 கோடி டாலர் கணக்கு

ஜப்பானிய பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓட்டானிக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் என்று ஒரு தளம் சொல்கிறது, ஆண்டுச் சம்பளம் வெறும் 20 லட்சம் என்று இன்னொன்று சொல்கிறது, கல்லூரிக் கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான், இரண்டையும் போடுங்கள்.

2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு பத்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் ஆண்டுக்கு 20 லட்சம்தான் இப்போது கைக்கு வரும், மீதி 68 கோடியை 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாகத் தருவார்கள், அதுவும் வட்டி இல்லாமல். வட்டி இல்லாததுதான் விஷயமே. அத்தனை வருஷம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், பேஸ்பால் லீக்கின் ஆடம்பர வரிக் கணக்கில் (வீரர்களின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி) இந்த ஒப்பந்தம் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடி என்றே ஏறுகிறது, அணிக்கும் மற்ற வீரர்களை எடுக்கக் கை கொஞ்சம் தாராளமாகிறது. அவர் எப்படிச் சமாளிப்பார் என்ற கவலையே வேண்டாம், விளம்பர வருமானம் அந்த 20 லட்சத்தைப் போலப் பல மடங்கு.

அப்புறம், "சொத்து மதிப்பு" என்று போடும் தளங்களை நம்பி எண் எழுதாதீர்கள். பெரும்பாலும் குத்துமதிப்பு. அவருடைய மொழிபெயர்ப்பாளரே சூதாட்டக் கடனுக்காக வங்கிக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 1.7 கோடி டாலரைச் சுருட்டியது 2024இல்தான் வெளியே வந்தது, அதையெல்லாம் எந்தத் தளம் கழித்துப் பார்த்திருக்கும்?