ஸ்குவாட் 60 கிலோவில் நிற்கிறதா? 6 நாள் திட்டத்துக்கு மாறாதீர்கள்

தம்பி, ஹட்டனில் மரக்கறி மூட்டை ஏற்றும் வேலை, உடல் எடை 58 கிலோ, வாரம் 3 நாள் ஐந்துக்கு ஐந்து (ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை) செய்தும் ஸ்குவாட் (இரும்புப் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்புவது) மூன்று வாரமாக 60 கிலோவைத் தாண்டவில்லை, வாரம் 6 நாள் திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாம். பகல் முழுக்க மூட்டை சுமக்கும் உடம்புக்கு ஏற்கெனவே வேலை அதிகம், ஓய்வுதான் குறைவு.

அடுத்த முறை சுமார் 10 சதவீதம் குறைத்து 55 கிலோவில் தொடங்குங்கள். ஐந்து செட்டை மூன்றாக்குங்கள். செட்டுக்கு இடையில் 3 முதல் 5 நிமிடம் ஓய்வாக உட்காருங்கள், ஒரு நிமிடத்தில் எழும்பக் கூடாது. பிறகு ஒவ்வொரு முறையும் பாரில் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு மட்டும் கூட்டுங்கள். லொறி லோட் வரும் நாளில் ஸ்குவாட்டைத் தள்ளிப்போட்டால் குறைவில்லை.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல் என்று எனக்குப் படுகிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் ஒரு கரண்டி பருப்பும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எடைக்கு நாளுக்கு 90 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சோயா மீட், நெத்தலிக் கருவாடு, அவித்த கடலை இவை மூன்றும் மலிவு, கடையில் விற்கும் பவுடர் டப்பாவுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. சோற்றையும் குறைக்காதீர்கள்.

அப்புறம், விடியற்காலைக் குளிரில் நேரே எடையைத் தூக்காதீர்கள். வெறும் பாரில் இரண்டு செட், 40 கிலோவில் ஒன்று, பிறகு அன்றைக்குத் தூக்க வேண்டிய முழு எடை. முழங்காலிலோ இடுப்பிலோ வலி இருந்தால் எழுதுங்கள், அப்போது பதில் வேறாகும்.