சீன மாணவர்களுக்கு ஆங்கிலம்: மாதிரி வகுப்பில் என்ன செய்யலாம்?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துப் பள்ளியில் கற்பித்துவருகிறேன். சீனாவில் ஒரு தனியார் பள்ளி, எட்டாம் வகுப்புக்கு இணையவழியில் 20 நிமிட மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறது. எந்தப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். விசாவைப் பற்றிக் கடைசியில் எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இலக்கணம் விளக்கி நேரத்தைக் கழிக்க வேண்டாம். அதற்கு அங்கேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பலர் நம்மைவிடக் கறாரானவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறார்கள். காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. ஆனால் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்டோங் போன்ற சில இடங்களைத் தவிர, அந்த 150-இல் பேச்சுக்குப் பங்கில்லை. அதனால் வாசிப்பார்கள், எழுதுவார்கள். பேசச் சொன்னால் தயங்குவார்கள். உங்களை அழைப்பதே அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான். 20 நிமிடத்தில் உங்கள் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

ஒரு மாணவனை எழுப்பிக் கேள்வி கேட்பதை அடியோடு தவிருங்கள். நாற்பது ஐம்பது பேர் முன்னால் தவறாகச் சொல்லித் தலைகுனிவதைவிட மௌனமே மேல் என்று அவன் நினைப்பான். கேள்வியைப் போட்டு, ஒரு நிமிடம் எழுதவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு, அதன் பிறகு "உங்கள் இருவர் பதில் என்ன?" என்று கேளுங்கள். தவறு நேர்ந்தாலும் அது இருவருடையது. காலையில் எல்லோரும் சேர்ந்து உரக்க வாசிப்பது சீனப் பள்ளிகளில் பழக்கம் என்பதால், கூட்டு வாசிப்போடு தொடங்கினால் கூச்சம் சீக்கிரம் விலகும்.

எனக்குப் பிடித்த பயிற்சி திருட்டு விசாரணை. சீன மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல்லின் வடிவம் மாறுவதில்லை. அதனால் இறந்தகால விதியை ஒப்பிக்கும் மாணவனே பேசும்போது "யெஸ்டர்டே ஐ கோ" என்பான். நேற்று இரவு ஏழு மணிக்குப் பள்ளியில் ஒரு மடிக்கணினி காணாமல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் கொண்ட குழுக்கள்: இருவர் சந்தேக நபர்கள், நால்வர் போலீஸ். "அந்த நேரத்தில் நாங்கள் சேர்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டோம்" என்று இருவரும் கதை ஜோடிக்க இரண்டு நிமிடம். பிறகு ஒருவரிடம் இரண்டு போலீஸ் வீதம் தனித்தனியே விசாரணை. எந்தக் கடை, யார் பணம் கொடுத்தது, மழை பெய்ததா? விடைகள் முரண்பட்டால் மாட்டிக்கொண்டார்கள். முழு வகுப்பும் ஒரே நேரத்தில் இறந்தகாலத்தில் பேசும். இரைச்சல் வரும், வரட்டும். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். திரைக்கு அப்பால் ஆசிரியர்களே மாணவர்களாக நடித்தால், இருவரைச் சந்தேக நபர்களாக்கி நீங்களே விசாரியுங்கள்.

உச்சரிப்புக்கு மூன்று நிமிடம் போதும். சிச்சுவான், ஹுனான் பகுதிகளில் பலருக்கு "நைட்", "லைட்" இரண்டும் குழம்பும். முதல் சொல் கேட்டால் இடக்கை, இரண்டாவது கேட்டால் வலக்கை. பிறகு ஒருவர் சொல்ல மற்றவர் கை தூக்கட்டும். "வெஸ்ட்" என்று நாம் எழுதும் west, vest என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுக்காதீர்கள், அதில் நம் நாக்கே தடுமாறும்!

ஓடிப்போய்ச் சுவரில் உள்ளதைப் படித்துவந்து சொல்லும் விளையாட்டை இணையத்தில் பலர் பரிந்துரைப்பார்கள். ஐம்பது மேசை நெருக்கிப் போட்ட அறையில் ஓட இடம் ஏது?

இனி விசா. சீனாவில் வெளிநாட்டு மொழி ஆசிரியர்கள் தங்கள் நாட்டின் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், இளங்கலைப் பட்டமாவது பெற்றிருக்க வேண்டும் என்பதே பொது விதி. நடைமுறையில் இடத்துக்கு இடம் நெகிழ்வு உண்டு என்றாலும் இந்தியக் கடவுச்சீட்டோடு ஆங்கில ஆசிரியராவது கடினம். எனவே மாதிரி வகுப்புக்கு முன்பே, "என் கடவுச்சீட்டுக்கும் பட்டத்துக்கும் வேலை அனுமதி கிடைக்குமா?" என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். இங்கிருந்தபடியே அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கற்பிக்கும் வழியையும் 2021 ஜூலையில் வந்த தனிப்பயிற்சிக் கட்டுப்பாடு அடைத்துவிட்டது. சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த முகவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வேலைக்கு இசட் விசாதான். அதற்கு முன் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் உங்கள் பெயரில் வந்தாக வேண்டும். அது கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள், இப்போதிருக்கும் வேலையையும் விடாதீர்கள்.