தூண்டில கட்டிவிட்டுட்டு ஆளு போயிடலாமா?

கேள்வி: ரெட்டேரி கரையில தினம் வாக்கிங் போறோம் சார். சில பேர் குச்சிய நட்டு ஏழெட்டு தூண்டில கட்டிவிட்டுட்டு எங்கயோ போயிடுறாங்க. போன வாரம் ஒரு நீர்க்காகம் தங்கூஸ்ல, அதான் தூண்டில் நைலான் நரம்புல, மாட்டி ரெக்கைய அடிச்சிட்டு கெடந்துச்சு. யாரு பொழப்பையும் கெடுக்காம என்ன பண்ணலாம்?
- கொளத்தூர் வாசகி

பதில்: தூண்டில் போட்டா பக்கத்துலயே உக்காரணும்மா, இதுல எனக்கு வேற கருத்தே இல்ல. ஜிலேபியோ கெளுத்தியோ புடிக்கிறவங்களுக்கும் அந்த ஏரி சொந்தம்தான், வாக்கிங் போறவங்களுக்கு மட்டும் எழுதி வெக்கல, ஆனா நீர்க்காகம் தண்ணிக்குள்ள முங்கி மீன் புடிக்கிற பறவை, அடியில மாட்டுச்சுன்னா மேல வந்து மூச்சு விட முடியாம செத்தே போயிடும், ஆளு இருந்தா ஒடனே அவுத்து விட்டுடலாம்ல. அறுந்து கெடக்குற தங்கூஸ் இன்னும் மோசம், நைலான் லேசுல மக்காது, வருஷக்கணக்கா செடியில சுத்திகிட்டு அடுத்த காலுக்கு காத்திருக்கும்.

மாட்டுன பறவைய பாத்தா தயவுசெஞ்சு இழுக்காதீங்க. தூண்டில் முள்ளு நுனிக்கு கீழ பின்பக்கமா ஒரு சின்ன செதில் மாதிரி இருக்கும், இழுத்தா சதைய கிழிச்சிடும். துண்ட தலைமேல போடுங்க, கண்ணு மறைஞ்சா கொஞ்சம் அடங்கும், தங்கூஸ ஒரு முழம் விட்டு வெட்டிட்டு அட்டைப்பொட்டியில வெச்சு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.

தூண்டில்காரங்ககிட்ட சண்டைக்குப் போகாதீங்க. "அண்ணே, போறப்ப சுருட்டிட்டுப் போங்கண்ணே"ன்னு நேரா சொல்லுங்க, அந்த நீர்க்காகத்தையும் சொல்லுங்க, நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.