முதல் சனிக்கிழமையே என்னென்ன பேச வேண்டும்?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் ஆசிரிய ஆலோசகராக இருக்கிறேன். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பயிற்சிநெறி நடத்தப் போகிறேன். வருபவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். முதல் நாளே சட்டதிட்டம் பேசினால் முகம் சுளிப்பார்கள். பேசாமல் விட்டால் ஒப்படைகள் எல்லாம் கடைசிக் கிழமையில் வந்து குவியும். என்ன செய்யலாம்?

பதில்: பேசத்தான் வேண்டும். ஆனால் "பிந்தி வரக்கூடாது, போன் பார்க்கக்கூடாது" என்று அடுக்கினால், இருபது வருடம் வகுப்பெடுத்த ரீச்சருக்குத் தன்னையும் தரம் 5 பிள்ளையாக நினைத்துவிட்டார்கள் என்றுதான் படும். அந்தக் கதைக்கு ஐந்து நிமிடம் போதும். செய்யப்போகும் வேலை பற்றி ஒரு மணித்தியாலம் எடுங்கள்.

எப்படி என்றால், ஒரே பாடத்துக்கு இரண்டு பாடக்குறிப்புகள் தயார் செய்து கொண்டு போங்கள், ஒன்று சுமார், மற்றது நல்லது. சுமாரானதில் நோக்கம் "மாணவர் பின்னங்களை விளங்கிக்கொள்வர்" என்று இருக்கட்டும். மற்றதில் "ஒரு ரொட்டியைச் சமனாக நான்காகப் பிரித்து, கால், அரை, முக்கால் எது என்று எடுத்துக் காட்டுவர்" என்று இருக்கட்டும். நீங்கள் ஒப்படை திருத்தப் பாவிக்கும் அதே புள்ளித்திட்டத்தைக் கையில் கொடுத்து, இரண்டுக்கும் அவர்களையே புள்ளி போடச் சொல்லுங்கள். ஒருவர் முதலாவதற்கு 8 போடுவார், பக்கத்தில் இருப்பவர் 4 போடுவார். "விளங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று அவர்களுக்குள்ளேயே வாதம் வரும். வரட்டும், இடையில் புகாதீர்கள். உங்கள் எதிர்பார்ப்பு என்ன என்பதை நீங்கள் விளக்கத் தேவையே இருக்காது. மூத்தவர்களுடைய அனுபவத்துக்கும் அங்கே இடம் கிடைத்துவிடும்.

நேரத்தை மட்டும் தனியாகத் தீர்மானித்துவிட்டுப் போகாதீர்கள். மண்டூர்ப் பக்கமிருந்து வருபவர் வாவியைக் கடக்கப் பாதை (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவை) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். மாரி காலத்தில் கதை இன்னும் மோசம். அவர்களிடம் கேட்டு, வரக்கூடிய ஒரு நேரத்தைப் போடுங்கள். போட்ட பிறகு நாலு பேர் இருந்தாலும் அந்த நேரத்துக்கே தொடங்குங்கள். எட்டரை என்று சொல்லி ஒன்பதேகாலுக்குத் தொடங்கினால், அடுத்த கிழமை எல்லாரும் ஒன்பதேகாலுக்குத்தான் வருவார்கள். அதில் பிழை சொல்லவும் முடியாது.

வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி எல்லார் மனதிலும் இருக்கும். வகுப்பறைக்கு வந்து அவதானித்து எழுதுகிறீர்களே, அந்தத் தாள் எங்கே போகும்? அதிபருக்கா, வலயக் கல்வி அலுவலகத்துக்கா? மற்ற எதைச் சொல்ல மறந்தாலும் இதற்கு முதல் நாளே நேரான பதில் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் மேலே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். "பிறகு பார்ப்போம்" என்று சொன்னீர்களோ, நீங்கள் போகும் வகுப்புகளில் எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த பாடம்தான் நடக்கும்.

உங்கள் பக்கக் கடமையையும் சொல்லிவிடுங்கள்: ஒப்படையை எத்தனை நாளில் திருத்தித் தருவீர்கள், வட்ஸ்அப்பில் எத்தனை மணி வரை பதில் போடுவீர்கள். எல்லாம் ஒரு பக்கத் தாளில் இருந்தால் போதும். கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். கையெழுத்து என்றதும் நம்மவர்களுக்கு விளக்கம் கோரும் கடிதம்தான் ஞாபகம் வரும்.

சரி, சொன்னபடி நிற்பீர்களா என்பது முதலாவது ஒப்படை பிந்தும்போதுதான் தெரியும். பெரும்பாலும் அது நீங்கள் மதிக்கும் ஒரு மூத்தவருடையதாகத்தான் இருக்கும். எல்லார் முன்னும் கேட்காதீர்கள். தேநீர் நேரத்தில் "சேர், ஏதும் கரைச்சலா?" என்று தொடங்குங்கள். காரணத்தைக் கேளுங்கள், ஆனால் தாளில் பிந்தியதற்கு என்ன என்று போட்டீர்களோ அதையே செய்யுங்கள். அவருக்கு ஒரு விதி, இளம் மிஸ்மாருக்கு ஒரு விதி என்று வந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

அப்புறம், கோயில் திருவிழா, செத்தவீடு என்று முதல் நாள் வராத நாலைந்து பேர் எப்படியும் இருப்பார்கள். குழுவில் தாளைப் படமெடுத்துப் போட்டால் முடிந்தது என்று விடாதீர்கள். இரண்டாவது சனிக்கிழமை அரை மணித்தியாலம் முந்தி வரச்சொல்லி, அதே இரண்டு பாடக்குறிப்புக்கும் அவர்களையும் புள்ளி போடச் செய்யுங்கள்.