சீபாப் அழுத்தத்தை நானே கூட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதால் ஒரு வருடமாக சீபாப் (தொண்டை அடையாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி) போட்டுத் தூங்குகிறேன். அழுத்தம் 10. இப்போது மறுபடி குறட்டை வருவதாக மனைவி சொல்கிறார். கருவியில் ஏஹெச்ஐ 9 என்று காட்டுகிறது. 14-ஆக வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஏஹெச்ஐ என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற கணக்கு. சிகிச்சையில் இருப்பவருக்கு அது 5-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆக, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் அழுத்தம் போதவில்லை என்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் கசிவைப் பாருங்கள். ஒரு வருடத்தில் மாஸ்க்கின் சிலிக்கோன் தளர்ந்திருக்கும். மூக்கு மாஸ்க் என்றால், தூக்கத்தில் வாய் திறந்துகொண்டாலும் காற்று போய்விடும். அந்த நிலையில் அழுத்தத்தைக் கூட்டினால் கசிவுதான் கூடும். வயிற்றில் காற்று புகுந்து உப்பிக்கொள்ளும்.

கசிவு இல்லையா? சரி, அப்புறம் அந்த 9 எந்த வகை என்று பார்க்க வேண்டும். தொண்டை அடைத்து மூச்சு நின்றால் அழுத்தம் உதவும். மூளையிலிருந்து கட்டளை வராமல் நிற்பது வேறு வகை. அதில் அழுத்தத்தைக் கூட்டினால் சிலருக்கு நிலைமை மோசமாகும். உங்களைத் தடுப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்க, தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தூங்கவைத்து, 4 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் தொடங்கி, குறைந்தது 5 நிமிடம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். கனவுத் தூக்கத்தில் மல்லாந்து படுத்திருக்கும்போதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தொண்டை அதிகம் தளரும். அந்த நிலையிலும் தொண்டையைத் திறந்து வைக்கிற மிகக் குறைந்த அழுத்தமே சரியான அழுத்தம். அன்றிரவு முழுக்க நீங்கள் ஒருக்களித்தே படுத்திருந்தால், கிடைத்த 10 குறைவான எண்ணாக இருக்கலாம். உங்கள் அறிக்கையில் இதை அவசியம் கேட்டுப் பாருங்கள்.

எடை கூடியிருந்தாலும், இரவில் மது அருந்தினாலும், தூக்க மாத்திரை புதிதாகச் சேர்ந்திருந்தாலும் தேவை மாறும். இதய பலவீனமோ நுரையீரல் நோயோ இல்லையென்றால், அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கருவியில் ஓரிரு வாரம் வீட்டிலேயே தூங்கவைத்து மருத்துவர் புதிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியும்.

கருவியின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள். அதுவரை 10-லேயே தினமும் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நாளும் விடாதீர்கள். பகலில் கண் சொருகினால் வண்டி ஓட்ட வேண்டாம்.